இறால் பெட்டியில் யானைக்காது

மின்விசிறியின் குமிழ் மூன்றைத் தாண்டினால் முஸ்தபாவுக்குத் தும்மல் வரும். நான்கில் மூக்கு ஒழுகும். ஐந்தில் ஓடவிட்டுப் படுத்தால் மறுநாள் விடியலில் மனைவி பரீதா மிளகுக் கஷாயம் போட்டாக வேண்டும். இப்பேர்ப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டுதான் அவர், கும்மிடிப்பூண்டி பைபாஸுக்கு உள்ளடங்கிய ஒரு வீட்டில் உட்கார்ந்தபடி, குளிர்ப் பிரதேசங்களில் யானைக்காதுச் செடி வளர்ப்பது எப்படி என்று பதினாலாயிரம் பேருக்கு யூடியூபில் பாடம் நடத்திவந்தார்.

யானைக்காது என்றதும் ஏதோ அபூர்வ மூலிகை என்று பதறத் தேவையில்லை. நம்முடைய சேம்புதான், குழம்பில் போடுகிற சேப்பங்கிழங்குக்குப் பெரியப்பா முறை. ஒவ்வோர் இலையும் முறத்தைவிடப் பெரிதாக விரிந்து, காற்றடித்தால் யானை காதாட்டுவதுபோல ஆடும். அதற்கு வேண்டியவை சேறும் வெயிலும். கும்மிடிப்பூண்டியில் இவ்விரண்டுக்கும் எந்த ஆட்சியிலும் தட்டுப்பாடு வந்ததில்லை. முஸ்தபா வீட்டுக் குளியலறைத் தண்ணீர் போய்த் தேங்கும் பள்ளத்தில் யாரும் நடாமல், யாரும் உரம் போடாமல், யாரும் ஆசைப்படாமல் அது ஆளுயரத்துக்கு நின்றது. கொசு சேருகிறது என்று வாரம் ஒருமுறை பரீதா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிவாளோடு இறங்குவாள். அடுத்த வாரம் அது முன்பைவிடச் செழிப்பாக நிற்கும். அதை வளர்ப்பது எப்படி என்று அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. ஒழிப்பது எப்படி என்றுதான் கேட்பார்கள்.

இந்த இடத்தில்தான் முஸ்தபாவின் வியாபார மூளை விழித்துக்கொண்டது. பழவேற்காட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் சரக்கு விற்ற குடும்பம் அவருடையது. விளைகிற ஊரில் விற்பவன் விவசாயி, விளையாத ஊரில் விற்பவன்தான் வியாபாரி என்பது அவருடைய வாப்பா சொல்லிவிட்டுப் போன சொத்து. யானைக்காது எங்கே விளையாது? குளிரில். ஆகவே அதைக் குளிரில் விற்க வேண்டும். விளையாமல் இருப்பதற்கு ஏதாவது காரணம் இருக்குமே என்ற சந்தேகம் விவசாயிகளுக்குத்தான் வரும்.

அவர் இதற்கு முன் இறங்கி ஏறிய தொழில்களைப் பரீதாவின் அண்ணன் அஹ்சன் வருஷவாரியாக ஒப்பிப்பார். நண்டு ஊறுகாய்: பாட்டில்களின் மூடிகள் பஸ்ஸிலேயே தாமாகத் திறந்துகொண்டன. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வாடகை: அந்த வருஷம் பார்த்துத்தான் மின்சாரம் ஒழுங்காக வந்தது. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்கு மதியச் சாப்பாடு: சமையல்காரர் வேலைக்குச் சேர்ந்த வாரமே, அந்தச் சமையல்காரரையும் சேர்த்துக்கொண்டு கம்பெனி சொந்த கேன்டீன் திறந்தது.

அஹ்சனுக்குக் கும்மிடிப்பூண்டி பஜாரில் பாதுகாப்புச் சாமான் கடை. இரும்பு மூக்கு வைத்த ஷூ, ஹெல்மெட், ரப்பர் கையுறை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் காலில் ஷூவை மாட்டி அளவு பார்க்க அவருக்கு ஓர் ஆள் வேண்டும். தங்கை புருஷனுக்காகவே மூன்று வருஷமாக அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தார்.

"மாப்ளே, உங்க ஸ்டூலு தூசி தட்டிக்கினே கீறேன்" என்பார், பார்க்கும்போதெல்லாம். பாசம்தான். பாசத்தை இப்படியும் பரிமாறலாம் என்பதை அஹ்சனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

வீடியோவில் பேசுவது முஸ்தபா; எடுப்பது பரீதா. மே மாதத்து நண்பகலில் ஸ்வெட்டரும் காது மூடும் குல்லாவும் போட்டுக்கொண்டு, பள்ளத்துச் செடிகளுக்கு முன்னால் நின்று, "உறைபனி வர்றதுக்கு முன்னாடி நாம இன்னா செய்யணும்னா" என்று தொடங்குவார். சரக்கு முழுவதும் வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் எழுதியதைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படித்தது. அதற்காகத் தப்பும் சொல்லவில்லை. முதல் பனிக்கு முன்னால் கிழங்கைத் தோண்டி எடுக்கணும், மண்ணை உதிர்த்துக் காயவைக்கணும், உமியிலோ மரத்தூளிலோ புதைத்து வைக்கணும், வெயில் திரும்பியதும் தொட்டியில் முளைக்கவிட்டு வெளியே கொண்டுவரணும். தோண்ட முடியாதவர்கள் சருகை முழங்கால் உயரத்துக்கு மூடிவிடணும். எல்லா வீடியோவையும் ஒரே வாசகத்தில்தான் முடிப்பார்: "இலை செத்தா அழாதீங்க. கிழங்கு உயிரோட தூங்குது."

கொடைக்கானலிலிருந்து ஒருவர், "உங்க பக்கம் பனி ஜாஸ்தியா சார், முகமெல்லாம் நனைஞ்சிருக்கே" என்று எழுதியிருந்தார். முஸ்தபா அதற்கு ஓர் இதயம் போட்டார். ஆமோதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இதயம் என்பது இம்மாதிரி நேரத்துக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது.

பதினாலாயிரம் பேர் பார்த்தார்கள். பதினொரு பேர் கிழங்கு வாங்கினார்கள். பரீதா ஒரு நாள் நாஷ்டா தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். அப்படி அவள் உட்கார்ந்தால் இட்லி இறங்காது.

"இந்த வருசத்தோட முடிச்சுக்குங்க. டிசம்பருக்குள்ள இது ஆவலைன்னா ஜனவரி ஒண்ணாந்தேதி நீங்க அண்ணன் கடைக்குப் போறீங்க. அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

"போறவன் வர்றவன் காலப் புடிச்சு ஷூ மாட்டி உடணுமா நானு?"

"கால் கீறவன்லாம் ஷூ போடுறான். உங்க இலைய எவன் போடுறான்?"

இதற்குப் பதில் நவம்பர் கடைசியில் தொலைபேசியில் வந்தது. கோத்தகிரியில் ஒரு தங்கும் விடுதித் தோட்டத்துக்குப் பொறுப்பாளராக இருக்கும் மெர்சி என்ற பெண்மணி பேசினார். விடுதிக்காரருக்கு எங்கோ போன இடத்தில் யானைக்காது பிடித்துப்போய்விட்டதாம். புல்வெளி ஓரம் முழுக்க வேண்டும் என்கிறாராம். இரண்டு முறை நட்டு இரண்டு முறையும் டிசம்பர் பனியில் போய்விட்டதாம்.

"உங்க வீடியோ அம்பத்திரண்டையும் பார்த்துட்டேன், பாய். பேச்சு நல்லாயிருக்கு. ஆனா பேச்ச புல்வெளியில நட முடியாதே. ஒரு செடிய மூணு வாரம் குளிர்ல வச்சு, அது தாங்குதுன்னு காட்டுங்க. கிறிஸ்துமஸுக்கு மணவாள நகர்ல தங்கச்சி வீட்டுக்கு வர்றேன். இருபத்தியேழாம் தேதி நேர்ல பார்க்கிறேன். சரியா இருந்தா முந்நூறு கிழங்கு. வருஷா வருஷம் பராமரிப்பும் உங்களுக்கே."

முஸ்தபா சம்மதித்துவிட்டு, போனை வைத்த பிறகுதான் குளிருக்கு எங்கே போவது என்று யோசித்தார். திருவள்ளூர் மாவட்டத்தில் மூன்று வாரம் விடாமல் குளிர்கிற இடம் ஒன்றே ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. அதில் இறால் இருந்தது.

அவரோடு பள்ளியில் படித்த சின்னதுரை பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்கிறார். கப்பலில் குளிர்ச்சரக்கு ஏற்றுகிற இரும்புப் பெட்டி ஒன்று, ஓடி ஓய்ந்து, காட்டுப்பள்ளிப் பக்கம் பழைய இரும்பு விலைக்கு வந்தபோது வாங்கிப்போட்டு, ஐஸில் வைத்த இறாலை அதற்குள் அடுக்கிவந்தார். எப்போதும் மூன்று டிகிரி. முஸ்தபா பெயின்ட் வாளியில் நட்ட செடியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றதும் சின்னதுரை செடியையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார்.

"நைனா, செடி பொழைக்கிறது அப்பால. உள்ள போனா நீ பொழைப்பியா?"

"ஒரு மூலை குட்றா. மூணு வாரம்தான்."

"குடுக்கிறேன். ஆனா உன் செடி பூ பூத்தா இறால் வாசனதான் வரும். எங்கிட்ட வந்து அழாத."

முஸ்தபா உள்ளே போனார், மூலையில் வாளியை வைத்தார், அதன் மேலே ஒரு குழல்விளக்கைக் கட்டினார், வெளியே வந்தார். ஏழு நிமிஷம். அதற்கு இரண்டு நாள் காய்ச்சல். கம்பளிக்குள் கிடந்தபடியே "குளிரைக் கண்டு அஞ்சாதீர்கள்" என்ற வீடியோவுக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதினார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதவைத் திறக்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் பழவேற்காட்டுக்குப் போவதென்னவோ போனார். பெட்டியின் வெளிப்புறத்தில் டிகிரி காட்டும் எண்ணைப் படித்து, நோட்டில் குறித்துக்கொள்வார். "ஏழாம் நாள். மூன்று டிகிரி. செடி நலம்." "ஒன்பதாம் நாள். மூன்று டிகிரி. செடி மிக்க நலம்." தண்ணீர் ஊற்றுவதற்கென்று ஒரு பாட்டில் கொண்டுபோவார், வெளியே நின்று அவரே குடித்துவிடுவார். நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து மெர்சிக்கு அனுப்பினார். அந்தம்மாவும் பதிலுக்கு இதயம் போட்டார்.

இருபத்தாறாம் தேதி காலையில், மறுநாள் மானப்பிரச்சினை ஆகிவிடக் கூடாதே என்று, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

ஐந்து இலைகளும் நனைந்த கறுப்புப் பாலிதீன் பைகளைப் போல வாளியின் விளிம்பில் தொங்கின. தண்டுகள் மசித்த கீரை மாதிரி குழைந்து கிடந்தன. தொட்டால் கையோடு வந்தன. பதினாலாயிரம் பேரை அழாதீர்கள் என்று தேற்றியவர், மூக்கில் கட்டிய துணியை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அஹ்சன் கடையின் வாசல் தெரிந்தது. அதற்குள் ஸ்டூல் தெரிந்தது. ஸ்டூலுக்கு எதிரே நீளும் சாக்ஸ் போட்ட கால்கூடத் தெரிந்தது. கிழங்கு மட்டும் தெரியவில்லை.

வாளியைத் தூக்கிப்போய், ஐஸ் உடைக்கும் மேடைக்குப் பின்னால் போட்டார். வீட்டுக்கு வந்தபோது பரீதா அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். பள்ளத்தில் இறங்கி, இருப்பதில் வாளிப்பான ஒன்றை வேரோடு பெயர்த்து, அதேபோன்ற இன்னொரு பெயின்ட் வாளியில் ஊன்றினார். சாயங்காலமே ஆட்டோவில் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தொழிலில் அவருக்குச் சுறுசுறுப்பு வந்திருந்தது.

"செத்துப்போனவனுக்கு பதிலா தம்பிய நிக்க வைக்கிறியா?" என்றார் சின்னதுரை.

"யாருக்குத் தெரியும்? எல்லா செடியும் ஒரே மாரிதான கீது."

"எல்லா இறாலும் ஒரே மாரிதான் கீதுன்னு நானும் சொல்லுவேன். வாங்குறவன் ஒத்துக்க மாட்டான்."

புதுச்செடி இரவெல்லாம் வெளியே, கடற்காற்றில் சுகமாக இருந்தது. பொன்னேரியில் பஸ் ஏறிவிட்டதாக மெர்சி சொன்ன பிறகுதான் அதற்குக் குளிர்காலம் தொடங்கியது.

மெர்சி ஐம்பது தாண்டியவர். குட்டையான உருவம், எவ்வளவு கழுவினாலும் போகாத மண் ஏறிய நகங்கள். பழவேற்காட்டு வெயிலில் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்து சேர்ந்தார். வீடியோ எடுப்பதற்காகப் பரீதாவும் கைப்பேசியோடு வந்திருந்தாள். சின்னதுரை கதவைத் திறந்தார். முஸ்தபா குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டார். மெர்சி உள்ளே போய் இரண்டு மூச்சு இழுத்து, "அப்பாடா. இப்பத்தான் உயிர் வந்துச்சு" என்றார்.

செடி மூலையில் கம்பீரமாக நின்றது. குழல்விளக்கில் இலைகள் எண்ணெய் பூசியதுபோலப் பளபளத்தன. பரீதா படமெடுக்கக் கைப்பேசியைத் தூக்கியவள், தூக்கிய கையை அப்படியே நிறுத்திவிட்டாள். இரண்டாவது இலையின் ஓரத்தில் அரிவாள் வெட்டு ஒன்று, பாதியில் நின்ற வெட்டு. போன வெள்ளிக்கிழமை பள்ளத்தில் இதை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் கேஸ் சிலிண்டர்காரன் கூப்பிட்டு, அவள் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். முஸ்தபாவைப் பார்த்தாள். முஸ்தபா பெட்டியின் கூரையைப் பார்த்தார்.

மெர்சி அவசரப்படவில்லை. இலையைப் புரட்டினார், தண்டைத் தடவினார், குனிந்து முகர்ந்தார். பிறகு தன் முந்தானையை எடுத்து முகர்ந்தார். பிறகு மறுபடி இலையை.

"பாய், நான் உள்ள வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சா?"

"அவ்ளோதான் மேடம் ஆவுது."

"என் சேலையில அதுக்குள்ள இறால் வாசம் ஏறிடுச்சு. இத ரெண்டு தடவ துவைக்கணும். மூணு வாரமா உள்ளயே நிக்கிற இந்த இலையில குளத்துச் சேறு வாசம்தான் வருது. இது எப்படி?"

இம்மாதிரிக் கேள்விக்குப் போட இதயம் எதுவும் நேரில் கிடையாது. முஸ்தபாவுக்குப் பல் கிட்டித்தது. குளிரா வேறா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"அப்புறம் இன்னொண்ணு" என்றார் மெர்சி. "இருபத்திரண்டு வருஷமா பனிக்குச் செடிய பறிகொடுக்கிறவ நான். மூணு டிகிரியில மூணு வாரம் நின்ன சேம்புல ஒரு கறுப்புப் பொட்டுகூட இல்லைன்னா, ஒண்ணு இந்த மெஷின் பொய் சொல்லணும், இல்ல நீங்க சொல்லணும்."

"மெஷின் பொய் சொல்லாதுக்கா" என்றாள் பரீதா. "அது எங்க ஊட்டு பள்ளத்துச் செடி. அந்த வெட்டு நான் வெட்டினது."

முஸ்தபா வெளியே வந்து, இறால் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டூலுக்கு இது ஒத்திகை என்று எடுத்துக்கொள்ளலாம். மூவரும் பின்னாலேயே வந்தார்கள்.

"நெசமான செடி செத்துப்போச்சு மேடம்" என்றார். "நேத்துதான் பாத்தேன். அஞ்சு இலையும் அழுவிப்போச்சு. உங்கள இவ்ளோ தூரம் வரவெச்சிட்டேன். மன்னிச்சுக்குங்க."

"இலை அழுகினது சரி. கிழங்கு?"

"கிழங்கா?"

"பதினேழாவது வீடியோவுல சொன்னீங்களே. எல்லா வீடியோவுலயும்தான் சொல்றீங்க. இலை செத்தா அழாதீங்க, கிழங்கு உயிரோட தூங்குதுன்னு. தோண்டிப் பார்த்தீங்களா?"

"சொன்னேன் மேடம். நம்புல."

சின்னதுரை சிரிப்பை அடக்க ஐஸ் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிய இடத்திலிருந்தே, "அழுவின வாளி இங்கதான் கெடக்குது" என்றார். பரீதா போய்த் தூக்கிவந்தாள். மெர்சி சாக்கைப் போட்டு உட்கார்ந்து, கூழாகிக் கிடந்த தண்டுகளை ஒதுக்கிவிட்டு மண்ணுக்குள் கையை விட்டார். தேங்காய் அளவில் ஒரு கிழங்கு வெளியே வந்தது. கட்டைவிரலால் அழுத்தினார், அமுங்கவில்லை. நகத்தால் கீறினார், உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தது, பால் கசிந்தது.

"கல்லு மாதிரி இருக்கு. இது சாகல" என்றார். மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தார். பொடிப்பொடியாகக் கொட்டியது. "சுத்தமா காஞ்சிருக்கே. தண்ணி ஊத்தலையா?"

"உள்ள போனாத்தான ஊத்துறதுக்கு" என்றாள் பரீதா.

"ஊத்தியிருந்தா அழுகியிருக்கும். ஊத்தாததுனாலதான் பிழைச்சுது."

ஆக, அந்த மூன்று வாரத்தில் முஸ்தபா சரியாகச் செய்த காரியம் ஒன்று உண்டு. அது அவர் செய்யாமல் விட்டது. செய்த காரியம் ஒன்று உண்டு, அதில் மாட்டிக்கொண்டார். உண்மையைக் காட்டியிருந்தால் உட்கார்ந்த இடத்தில் வென்றிருப்பார். அழுகிய வாளியைக் காட்டி ஜெயிக்க முடியும் என்பதை மலைநாட்டுக்காரர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் தனக்குச் சொல்ல மறந்துவிட்டார். வாத்தியார்கள் பலருக்கும் வருகிற நோய்தான்.

மெர்சி கிழங்கைப் பரீதாவிடம் நீட்டினார். "இதுல எது முளைக்கும், எது முளைக்காதுன்னு உனக்குப் பார்த்தா தெரியுமாம்மா?"

"வெட்டி வெட்டிப் போட்டதுல தெரியும்க்கா. கழுத்து தடியா கீறது எத்தினி தடவ வெட்டினாலும் வந்துடும். சூம்பினது வராது. எனக்கு வராததுதான் வேணும். ஒண்ணும் அமையல."

"அப்ப முந்நூறும் நீ பொறுக்கி அனுப்பு. ஆர்டர் கடுதாசி உன் பேருக்குத்தான் வரும்."

"அக்கா, வீடியோல பேசுறது அவருதான்."

"பேசட்டும். யாரு வேண்டாம்னா? ஒரு வார்த்தைகூட தப்பா சொல்லலையே. ஆனா பொறுப்பு உன்னோடது. இவரு எதையாவது அனுப்புறேன்னு சொன்னா, நீ பார்த்துட்டேன்னு தனியா எனக்குச் சொல்லணும்." முஸ்தபா பக்கம் திரும்பினார். "கோவமா பாய்?"

"இல்ல மேடம்" என்றார் முஸ்தபா. அது நிஜம். ஸ்டூல் கண்ணிலிருந்து மறைந்த நிம்மதியில், கோபப்பட வேண்டும் என்ற யோசனையே அவருக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பரீதா, அரிவாளை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு, கடப்பாரையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "கழுத்து தடியா கீறதா பாத்து தோண்டுங்க. வெட்டுப்படாம."

ஜனவரி ஒண்ணாந்தேதி காலையில் அஹ்சன் வந்தார். தங்கை வார்த்தை தவற மாட்டாள் என்ற நம்பிக்கையில், கடைப்பெயர் அச்சிட்ட புதுச் சட்டை ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். தலைவாசலில் யாரும் இல்லை. கொல்லைப்பக்கம் போனார். பள்ளத்து விளிம்பில் பரீதா முக்காலி போட்டு, சுற்றிலும் கூடைகளோடு உட்கார்ந்திருந்தாள். முழங்கால் அளவு சேற்றில் முஸ்தபா நின்றிருந்தார். பனியனும் கைலியும் ஒரே நிறத்தில் இருந்தன. கிழங்கைக் கழுவிக் கழுவி நீட்டினார். அவள் புரட்டிப் பார்த்து ஒரு கூடையில் போட்டாள், அல்லது திருப்பிக் கொடுத்தாள். திருப்பிக் கொடுத்தவைதான் அதிகம்.

"இன்னா பரீதா, மாப்ளைய கடைக்கு அனுப்பலியா?"

"அவருக்கு எங்கண்ணே நேரம்? எங்கிட்ட வேலைக்குச் சேந்துட்டாரு. இத முடிச்சிட்டு மரத்தூள் கொண்டாரப் போவணும். அப்பால கோத்தகிரிக்குப் போயி சருகு மூடுறதும் கீது, வருசா வருசம்."

ஒரு கிழங்கு மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்ததை முஸ்தபா மறுபடி கழுவினார்.

"நம்ம கடையில மதியம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு டைம் உண்டு மாப்ளே" என்றார் அஹ்சன்.

முஸ்தபா நிமிர்ந்து பரீதாவைப் பார்த்தார். பரீதா அடுத்த கூடையை அவர் பக்கம் தள்ளினாள்.